கார் இன்ஜினுக்கு எந்த கிரேடு ஆயில்? டின்னைப் படித்து வாங்கும் முறை

ஸ்பேர் கடையில் போய் “காருக்கு இன்ஜின் ஆயில் வேணும்” என்றால், “பெட்ரோலா டீசலா?” என்று முதல் கேள்வி வரும். எந்த மாடல், எந்த வருஷம் என்று அடுத்துக் கேட்பவர் நல்ல கடைக்காரர். பல இடங்களில் அதற்குள், “நம்ம ஊர் வெயிலுக்குக் கொஞ்சம் கெட்டியா போட்டாத்தான் சார் தாங்கும்” என்ற யோசனையோடு ஒரு 15டபிள்யூ-40 டின் மேசைக்கு வந்துவிடும். அம்பாசிடர், பத்மினி ஓடிய காலத்தில் அது சரியான யோசனைதான். இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு அது பொருந்தாது. எதனால் பொருந்தாது என்பதை அறிய, டின்னின் முகப்பில் உள்ள இரண்டு எண்களிலிருந்து தொடங்க வேண்டும்.

முன் எண், பின் எண்

5டபிள்யூ-30 என்பதை எடுத்துக்கொள்வோம். டின்னில் நடுவிலுள்ள டபிள்யூ ஆங்கில எழுத்தாக இருக்கும். ‘விண்டர்’ என்பதன் முதலெழுத்து. இந்தக் கிரேடுகளை வரையறுப்பது எஸ்ஏஇ என்ற அமைப்பின் ஜே300 தரவிதி.

முன் எண், கடுங்குளிரில் அந்த ஆயில் இன்ஜினைச் சுழல விடுமா, பம்ப்பால் அதை உறிஞ்ச முடியுமா என்பதைச் சொல்கிறது. ஸ்டார்ட்டர் சுழற்றும் சோதனையை 0டபிள்யூ ஆயிலுக்கு மைனஸ் 35 டிகிரியில் செய்வார்கள். 5டபிள்யூவுக்கு மைனஸ் 30, 10டபிள்யூவுக்கு மைனஸ் 25, 15டபிள்யூவுக்கு மைனஸ் 20, 20டபிள்யூவுக்கு மைனஸ் 15. எண் சிறிதாகச் சிறிதாக, குளிரில் ஆயில் இளகலாக இருக்கும்.

பின் எண், 100 டிகிரி செல்சியஸில் ஆயிலின் பாகுத்தன்மை, அதாவது கெட்டித்தன்மை, எந்த எல்லைக்குள் இருக்கிறது என்பது. சென்டிஸ்டோக் என்ற அலகில், 16 கிரேடு 6.1 முதல் 8.2 வரை, 20 கிரேடு 6.9 முதல் 9.3 வரை, 30 கிரேடு 9.3 முதல் 12.5 வரை, 40 கிரேடு 12.5 முதல் 16.3 வரை, 50 கிரேடு 16.3 முதல் 21.9 வரை.

“குளிரில் 5 போல மெல்லிசு, சூட்டில் 30 போலக் கெட்டியாகும்” என்று சிலர் விளக்குவார்கள். அப்படி எந்த ஆயிலும் சூட்டில் கெட்டியாவதில்லை. எல்லா ஆயிலும் சூடேறினால் இளகும். எவ்வளவு இளகுகிறது என்பதில்தான் வேறுபாடு. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து நிற்கும், நல்லெண்ணெய் ஓடும். இரண்டையும் வாணலியில் காய வைத்தால் வித்தியாசமே தெரியாது. 15டபிள்யூ-40, 0டபிள்யூ-40 இரண்டுக்கும் உள்ள உறவும் இதுதான்: காலையில் வேறு வேறு, சூடான பிறகு ஏறக்குறைய ஒன்று.

28 டிகிரியும் இன்ஜினுக்குக் குளிர்தான்

தமிழ்நாட்டில் ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளைத் தவிர வேறெங்கும் யாரும் பூஜ்ஜிய டிகிரியைப் பார்ப்பதில்லை. பிறகு 0டபிள்யூ எதற்கு என்று கேட்பது நியாயமான கேள்வி. ஸ்டார்ட் ஆவதற்கு அது தேவையில்லை என்பது உண்மை. 20டபிள்யூ ஆயில்கூடச் சென்னையில் தடையின்றி ஸ்டார்ட் ஆக விடும்.

ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். வழக்கமான 0டபிள்யூ-20 ஆயில் ஒன்றின் பாகுத்தன்மை 100 டிகிரியில் சுமார் 8.5. அதே ஆயில் 28 டிகிரிக் காலையில் சுமார் 75, அதாவது வேலை செய்யும் நிலையைப்போல ஒன்பது மடங்கு கெட்டி. அதே 28 டிகிரியில் 20டபிள்யூ-50 ஆயில் சுமார் 310. இராத்திரி முழுக்க ஆயில், இன்ஜினின் அடித்தொட்டியான சம்ப்பில் இறங்கிக் கிடக்கிறது. சாவி திருப்பிய பின் பம்ப் அதை இழுத்து, ஃபில்டர் வழியாகக் கிராங்க் பியரிங்குக்கும், பிறகு மேலே கேம்ஷாஃப்ட்டுக்கும் அனுப்ப வேண்டும். நான்கு மடங்கு கெட்டியான ஆயில் மேலே ஏறும் வரை டைமிங் செயின் டென்ஷனரும் ஹைட்ராலிக் டேப்பெட்டும் காய்ந்து தட்டும். முதல் சில நொடி ‘கடகட’ சத்தம் பல வண்டிகளில் இதனால்தான்.

ஆகவே முன் எண்ணைப் பற்றி முடிவெடுப்பது எளிது. கையேடு அனுமதிப்பவற்றில் சிறியதை வாங்குங்கள். பள்ளிக்கூடம், ஆபீஸ் என்று தினம் நான்கு ஐந்து தடவை குறுந்தூரம் ஓடும் வண்டிக்கு இது கூடுதலாகப் பயன்படும். விலை கொஞ்சம் கூடும். 0டபிள்யூ, 5டபிள்யூ ஆயில்கள் பெரும்பாலும் சிந்தெடிக் அடிப்படை எண்ணெயில் செய்யப்படுவதே காரணம்.

வெயில் எங்கே கணக்கில் வருகிறது?

வேலூரிலோ கரூரிலோ 42 டிகிரி அடிக்கும்போது இன்ஜினுக்குள் ஆயிலும் அதே அளவு கூடுதலாகக் கொதிக்கும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டர் ஃபேனும் கூலன்ட்டைச் சுமார் 85 முதல் 100 டிகிரிக்குள் பிடித்து வைக்கின்றன. கூலிங் சிஸ்டம் ஒழுங்காக இருந்தால், வெளியே பத்து டிகிரி ஏறினால் உள்ளே பத்து டிகிரி ஏறாது.

ஆயிலை உண்மையில் சூடேற்றுவது சுமைதான். ஏழு பேர், மேலே லக்கேஜ், ஏசி ஓட, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை இரண்டாவது கியரில் ஏறுவது. டர்போ இன்ஜினை நான்குவழிச் சாலையில் மணிக்கணக்காக அழுத்தி ஓட்டுவது. இப்படிப்பட்ட நேரங்களில் ஆயில் 120 டிகிரியைத் தாண்டலாம். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் பாகுத்தன்மை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இறங்கும்: 100 டிகிரியில் 14.5 இருக்கும் 15டபிள்யூ-40, 110 டிகிரியில் சுமார் 11.5 ஆகிவிடும்.

இந்த நிலையில் பியரிங்கைக் காப்பாற்றும் அளவு டின்னின் முகப்பில் இருக்காது. அதன் பெயர் எச்டிஎச்எஸ்: 150 டிகிரி சூட்டில், பியரிங்குக்குள் நடப்பதுபோல வேகமாக அறுத்துத் தேய்க்கும்போது எஞ்சும் பாகுத்தன்மை. குறைந்தபட்சம் 16 கிரேடுக்கு 2.3, 20 கிரேடுக்கு 2.6, 30 கிரேடுக்கு 2.9. 40 கிரேடில் 0டபிள்யூ, 5டபிள்யூ, 10டபிள்யூ மூன்றுக்கும் 3.5, 15டபிள்யூ-40க்கு 3.7.

பலரும் கவனிக்காத ஒன்று இங்கே இருக்கிறது. கடையில் 5டபிள்யூ-30 என்ற பெயரில் இரண்டு தினுசு ஆயில் விற்கிறது. ஒன்று, ஜப்பானிய, கொரியப் பெட்ரோல் கார்களுக்கானது. எச்டிஎச்எஸ் 3 சொச்சம்தான் இருக்கும். மற்றொன்றின் பின்பக்கத்தில் ஏசிஇஏ (ஐரோப்பியக் கார் தயாரிப்பாளர் சங்கம்) தரமான சி3 அல்லது ஏ3/பி4 என்று இருக்கும். அதற்குக் குறைந்தபட்சமே 3.5. முகப்பு எண் ஒன்று, உள்ளே சரக்கு வேறு. பின்பக்கத்தைப் படிக்காமல் வாங்கினால் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

கையேட்டில் என்ன பார்ப்பது

காரோடு வந்த கையேட்டின் கடைசிப் பகுதியில் ‘ஸ்பெசிஃபிகேஷன்’ அல்லது ‘லூப்ரிகன்ட்’ என்ற தலைப்பு இருக்கும். பல வண்டிகளில் ஆயில் ஊற்றும் மூடியிலேயே கிரேடு பொறித்திருப்பார்கள். மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: கிரேடு, தர எழுத்து (எஸ்பி, சி3 போன்றது), ஃபில்டரோடு சேர்த்து மாற்றும்போது பிடிக்கும் அளவு. ஒரே பெயரில் வரும் காரில் பெட்ரோல், டர்போ பெட்ரோல், டீசல் மூன்றும் இருக்கும். உங்கள் இன்ஜினுக்கான வரிசையைத்தான் பார்க்கிறோமா என்று சரிபாருங்கள்.

சில கையேடுகளில் ஒரே கிரேடு இருக்காது. வெப்பநிலைக் கோட்டின்மேல் ஐந்தாறு பட்டைகள் போட்டு, 0டபிள்யூ-20 முதல் 20டபிள்யூ-50 வரை வரிசையாகக் காட்டியிருப்பார்கள். பட்டையின் இடது முனை, அந்த ஆயிலை எவ்வளவு குளிர் வரை போடலாம் என்பது. நம் ஊர் வெப்பநிலைக்கு அநேகமாக எல்லாப் பட்டைகளுமே பொருந்தும். அதைப் பார்த்துவிட்டு “20டபிள்யூ-50யும் போடலாம்னு கம்பெனியே சொல்லியிருக்கான்” என்று விலை குறைந்ததை எடுத்துவிடுகிறார்கள். பட்டைகளுக்குக் கீழே சிறிய எழுத்தில் ‘இது கிடைத்தால் இதையே போடவும்’ என்று ஒரு கிரேடைத் தனியாகச் சொல்லியிருப்பார்கள். அதுதான் உங்கள் கிரேடு. மற்றவை அது கிடைக்காத இடத்துக்கு.

ஹோண்டா, டொயோட்டா, மாருதி ஆகியவற்றின் புதிய பெட்ரோல் இன்ஜின்கள் பலவற்றுக்கு 0டபிள்யூ-20 அல்லது 0டபிள்யூ-16 சொல்லியிருப்பார்கள். ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கில் பார்த்தால் தண்ணீர் மாதிரி தெரியும், பயப்பட வேண்டியதில்லை. அந்த இன்ஜின்களில் பியரிங் இடைவெளி, பம்ப், ஆயில் துவாரங்கள் எல்லாமே அந்த இளகலை வைத்துக் கணக்கிடப்பட்டவை. கிராங்க் பியரிங் இடைவெளி பொதுவாக 0.02 முதல் 0.05 மில்லிமீட்டர்தான், தலைமுடியின் பருமன்கூட இல்லை. அந்த இடுக்கில் ஆயில் பிரஷர் மட்டும் இருந்தால் போதாது, ஓட்டமும் வேண்டும். பியரிங்கின் சூட்டை வெளியே கொண்டுபோவது அந்த ஓட்டம்தான். கெட்டி ஆயிலில் பிரஷர் உயர்ந்து காட்டும். ரிலீஃப் வால்வ் திறந்து, பம்ப் தள்ளிய ஆயிலில் ஒரு பகுதி சம்ப்புக்கே திரும்பும். உராய்வில் சூடும் கூடும்.

கெட்டி ஆயில் தரும் தொந்தரவு உடனே தெரியும் இடம் விவிடி, அதாவது வால்வ் நேரத்தை மாற்றும் அமைப்பு. அது ஆயில் பிரஷரால் நகர்கிறது; வழியில் ஊசி நுழையும் அளவு வலைகள் இருக்கும். ஆயில் கெட்டியானால் பதில் தாமதமாகும், பிக்கப் மந்தமாகும், சில வண்டிகளில் செக் இன்ஜின் லைட் எரியும். மைலேஜ் இழப்பு ஒன்றிரண்டு சதவீதம்தான். அதற்காக மட்டும் கவலைப்படத் தேவையில்லை.

கிரேடு சரி, எழுத்து தப்பு

எண் பொருந்தி, தர எழுத்து பொருந்தாத ஆயில்தான் அதிகச் செலவு வைக்கும்.

பெட்ரோலுக்கு ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) எழுத்து: எஸ்என் 2010-லும், எஸ்பி 2020-லும், எஸ்க்யூ 2025-லும் வந்தன. புதியது பழையதன் இடத்தில் போகும், தலைகீழாகப் போகாது. டர்போ, டைரக்ட் இன்ஜெக்ஷன் பெட்ரோல் என்றால் எஸ்பிக்குக் கீழே இறங்காதீர்கள். குறைந்த வேகத்தில் அழுத்தும்போது, ஸ்பார்க் வருவதற்கு முன்பே எரிபொருள் பற்றிக்கொண்டு பிஸ்டனை உடைக்கும் கோளாறு இந்த இன்ஜின்களுக்கு உண்டு. எஸ்பி அதைத் தடுக்கவும், டைமிங் செயின் தேய்மானத்தைக் குறைக்கவும் சோதிக்கப்பட்டது.

பிஎஸ்6 டீசலில், அதாவது 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்தவற்றில், சைலன்சர் பாதையில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கும். ஆயில் எரியும்போது மிஞ்சும் சாம்பல் அதற்குள் போய்த் தங்கும். கரியை வண்டி தானே எரித்துவிடும். சாம்பலை எரிக்க முடியாது. சி3 தரத்தில் சாம்பல் உச்சவரம்பு 0.8 சதவீதம், பழைய ஏ3/பி4 தரத்தில் 1.6 வரை போகலாம். பழைய டீசலுக்கு வாங்கி வைத்த 5டபிள்யூ-40யை “கிரேடு ஒண்ணுதானே” என்று புது டீசலில் ஊற்றுவது, டிபிஎஃப்பின் ஆயுளைக் கையால் குறைப்பதுதான். அந்தப் பாகத்தின் விலையோடு ஒப்பிட்டால் ஆயிலில் மிச்சப்பட்டது டீக்காசு.

ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் போன்றவற்றுக்குக் கம்பெனியின் சொந்த ஒப்புதல் எண் உண்டு. கையேட்டில் உள்ள எண் டின்னில் அப்படியே இருக்க வேண்டும். ‘தேவையைப் பூர்த்தி செய்கிறது’ என்பது ஆயில் கம்பெனி தானே சொல்லிக்கொள்வது. ‘அப்ரூவ்டு’ என்பது கார் கம்பெனி கொடுத்தது.

பைக் ஆயிலைக் காருக்கு வாங்காதீர்கள். ஜாசோ எம்ஏ என்று போட்டிருப்பது, ஆயிலுக்குள்ளேயே ஓடும் பைக் கிளட்ச் வழுக்காமல் இருக்கச் செய்யப்பட்டது. காருக்கான உராய்வுக் குறைப்பு அதில் இருக்காது.

ஒரு படி ஏற்றுவது எப்போது?

ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டது என்பது மட்டும் காரணமாகாது. ஆயில் குறையவில்லை, சத்தமில்லை என்றால் அதே கிரேடு. ‘ஆயில் குடிக்குது’ என்று தோன்றினால் முதலில் அளக்க வேண்டும்.

சமதரையில் நிறுத்துங்கள். சூடான இன்ஜினை அணைத்து 10 நிமிடம் விடுங்கள். டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, முழுக்கச் செருகி, மறுபடி எடுத்துப் பாருங்கள். மேல் கோடு வரை நிரப்பி, கிலோமீட்டரை எழுதி வையுங்கள். 1,000 கிலோமீட்டர் கழித்து, அதே இடத்தில், அதே பத்து நிமிடம் காத்திருந்து பாருங்கள். 100 மில்லி குறியிட்ட குவளையால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி மேல் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஊற்றிய அளவுதான் உங்கள் இன்ஜின் குடித்தது. இடம் மாறினாலோ, காத்திருக்கும் நேரம் மாறினாலோ இந்தக் கணக்கு உதவாது.

நூறு இருநூறு மில்லி என்றால் விட்டுவிடலாம். சில ஐரோப்பியக் கார்களின் கையேடு 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை இயல்பு என்கிறது. அதற்கு மேல் போனால் ஆயிலை மாற்றுமுன் காரணத்தைத் தேடுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை ஒரு குப்பெனப் போய் நின்றால் வால்வ் சீல். ஏற்றத்தில் அழுத்தும்போது தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங். புகையே இல்லையென்றால் டேப்பெட் கவர் பேக்கிங், சம்ப் போல்ட் பக்கம் கசிவு. இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வ் அடைத்தாலும் ஆயிலை இழுக்கும். விலை குறைந்த பாகம், முதலில் அதைப் பாருங்கள்.

ரிங் தேய்மானம்தான், இன்ஜின் வேலை இப்போதைக்கு வேண்டாம் என்றால், பின் எண்ணை ஒரே ஒரு படி ஏற்றலாம்: 20 இருந்த இடத்தில் 30, 30 இருந்த இடத்தில் 40. முன் எண்ணை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், அதாவது 5டபிள்யூ-30 போய் 5டபிள்யூ-40 வரலாம்; 15டபிள்யூ-40 வேண்டாம். மலையில் வாடகை ஓட்டம், டிராலி இழுப்பது போன்ற கடும் சுமைக்கும் இதே விதி. 30 கிரேடு வண்டியில் இடைப்பட்ட வழியும் உண்டு: கையேடு தடுக்காதபோது, எச்டிஎச்எஸ் 3.5 உள்ள சி3 வகை 5டபிள்யூ-30. வாரன்டி இருக்கும் வண்டியில் கையேட்டில் இல்லாத கிரேடுக்குப் போகவே போகாதீர்கள். ஆயில் வாங்கிய பில்லையும் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டு நிலைகளில் கெட்டி ஆயில் நோயை மறைக்கும். ஒன்று, சூடான ஐடிலில் ஆயில் லைட் மினுக்குவது. பெரும்பாலான சென்சார்கள், ஆயில் பிரஷர் 0.3 முதல் 0.5 பார் (அழுத்த அலகு) அளவுக்குக் கீழே போன பிறகுதான் லைட்டை எரியவிடும். முதலில் அளவைப் பாருங்கள். சரியாக இருந்தால், சென்சாரைக் கழற்றி அந்த இடத்தில் மெக்கானிக்கல் கேஜ் மாட்டி அளக்கச் சொல்லுங்கள். 20டபிள்யூ-50 ஊற்றினால் லைட் அணையும், தேய்ந்த பியரிங் அப்படியே இருக்கும். இன்னொன்று, டிப்ஸ்டிக்கில் அளவு ஏறுவது. டிபிஎஃப் சுத்தமாகும்போது ஓட்டத்தைப் பாதியில் நிறுத்திக்கொண்டே இருந்தால் டீசல் ஆயிலில் கலந்து அதை இளக வைக்கும். மோந்து பார்த்தால் வாடை வரும். இதற்குக் கெட்டி கிரேடு மருந்தல்ல. ஆயிலை உடனே மாற்றி, வாரம் ஒருமுறையாவது அரைமணி நேரம் ஹைவேயில் ஓட்ட வேண்டும்.

ஊற்றும்போது

இன்ஜின் இளஞ்சூட்டில் இருக்கும்போது வடியுங்கள். சம்ப் போல்ட் வாஷர் புதிது போடுங்கள். இறுக்கம் பல சிறிய கார்களில் 35 முதல் 40 நியூட்டன் மீட்டர்தான். அலுமினிய சம்ப்பில் ‘இன்னொரு தம்’ கொடுத்தால் மரை போய்விடும். ஃபில்டர் ரப்பரில் புது ஆயில் தடவி, ரப்பர் தொட்ட பிறகு கையால் முக்கால் சுற்று. கையேட்டு அளவில் அரை லிட்டர் குறைவாக ஊற்றி, இன்ஜினை ஒரு நிமிடம் ஓடவிட்டு, அணைத்துப் பத்து நிமிடம் கழித்து மிச்சத்தை நிரப்புங்கள். மேல் கோட்டைத் தாண்டினால் கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கும். நுரைக்குப் பாகுத்தன்மை எந்த கிரேடாக இருந்தாலும் ஒன்றுதான்.

கிரேடு மாற்றியிருந்தால், மறுநாள் காலை ஸ்டார்ட்டில் சத்தம் எத்தனை நொடி நீடிக்கிறது, சூடான ஐடில் எப்படி இருக்கிறது என்று கவனித்து, 1,000 கிலோமீட்டரில் மறுபடி அளவு பாருங்கள். சத்தம் கூடியிருந்தால் பழைய கிரேடுக்கே திரும்புங்கள்.

வழியில் ஆயில் குறைந்துவிட்டால் கிடைத்த கார் ஆயிலை அரை லிட்டர் ஊற்றிக்கொள்ளலாம். ஆயில் இல்லாமல் ஓட்டுவதைவிட அது மேல். ஊர் வந்ததும் முழுதாக மாற்றிவிடுங்கள். பேரலில் இருந்து அளந்து தரும் லூஸ் ஆயிலில் எந்த எண்ணையும் சரிபார்க்க முடியாது. டின்னின் சீலை உங்கள் எதிரில் உடைக்கச் சொல்லுங்கள். ஊற்றி முடித்த காலி டின்னைக் கத்தியால் இரண்டு இடத்தில் கீறிவிட்டுப் போடுங்கள். முழு டின்னாகக் கிடைத்தால் போலி ஆயிலை நிரப்பி மறுபடி கடைக்கு அனுப்ப ஆள் இருக்கிறது.